பாரில் எந்த பீர் வைக்கணும்? சேலம், ஏற்காடு பக்கம் உங்களுக்கு நடந்ததை எழுதுங்க

கோரிமேட்டுக்காரன்

போன மழைக்காலம், ஏற்காட்டுல ஒரு ஹோட்டல் பார். பேர் வேணாம். பெங்களூர்ல இருந்து மச்சான் வந்திருந்தான், அவனுக்கு கோதுமை பீர்னா உசுரு. "வீட் பீர் இருக்காண்ணா?"ன்னு கேட்டான். "ஸ்ட்ராங்கு, சாதா லேகர், அவ்ளோதாங்க"ன்னுட்டாரு சர்வர். நம்ம பக்கம் எந்த பார்லயும் இதே பதில்தான், உங்களுக்கே தெரியும்.

கவுண்டர்ல இருந்த சூப்பர்வைசர் காதுல இது விழுந்துருச்சு. "இருங்க சார், கிடக்கும்"னு ஃப்ரிட்ஜைத் திறந்தாரு. மேல மூணு தட்டுலயும் ஒரே கம்பெனி ஸ்ட்ராங் பாட்டில் நெருக்கி அடுக்கியிருக்கு. அடித்தட்டுல தண்ணி பாட்டிலுக்குப் பின்னாடி முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவி, சின்ன பாட்டில் ரெண்டு எடுத்தாரு. லேபிள் ஈரத்துல ஊறிப் பாதி உரிஞ்சு நிக்குது. தோள்ல கிடந்த துண்டால துடைச்சு மேசையில வச்சாரு. மச்சான் திருப்பித் தேதியைப் பார்த்தான். காலாவதியாகி ரெண்டு மாசம்.

அந்த மனுசன் முகத்துல ஏமாத்துற எண்ணம் துளி இல்லைங்க. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு ஒளிச்சு வச்ச பலகாரத்தை எடுத்துக் குடுக்கற மாதிரிதான் குடுத்தாரு. "யாரும் கேக்கறதில்லைங்க, தங்கிப்போச்சு"ன்னாரு. வைக்காம எப்படிக் கேப்பாங்க? காப்பி, மிளகுன்னு வாசனைக்குப் பேர் போன மலைங்க அது. வாசனை உள்ள பீர் ஒண்ணு அங்க விலை போகாதுன்னா என்னால ஏத்துக்க முடியல. பெரிய கம்பெனி பீர், சின்ன ஆலையில கொஞ்சமா காய்ச்சற கிராஃப்ட் பீர்னு ரெண்டு வகையும் வைக்கணும், புதுசா வைக்கணும். உங்க அனுபவத்தைச் சொல்லுங்க.

அஞ்சு ரோடு கேஷியர்

பார் பக்கம் இருந்தும் ஒரு ஆள் பேசணும்ல, அதுக்காக எழுதறேன். சேலத்துல ஒரு ஹோட்டல் பார்ல கேஷ்ல ரொம்ப வருஷம் இருந்தேன்.

எங்க முதலாளி ஆசைப்பட்டு நாலஞ்சு வகை கிராஃப்ட் பீரைச் சின்ன பாட்டில்ல இறக்கினாரு. இருந்தது ஒரே பெரிய ஃப்ரிட்ஜ், அதுல பாதியை அது பிடிச்சுக்கிச்சு. ஆவணி முகூர்த்த நாள் ராத்திரி, மண்டபத்துல இருந்து மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க ஒரு கூட்டமா வந்து உக்காந்தாங்க. அத்தனை பேரும் ஸ்ட்ராங். ஃப்ரிட்ஜ்ல இருந்தது ஒரு ரவுண்டுக்குத்தான் வந்துச்சு. மீதி எல்லாம் ஸ்டோர்ல சூடா கிடக்கு. கிச்சன்ல இருந்து அன்னக்கூடையைத் தூக்கிட்டு வந்து, ஐஸ் பாரை உடைச்சுப் போட்டு, கல்லுப்பை அள்ளித் தூவி, பாட்டிலைப் புதைச்சோம். உப்பு போட்டா ஐஸ் சீக்கிரம் உருகி இன்னும் கீழ குளிரும். அதுக்குள்ள ஒருத்தர் மேசையைத் தட்டி, "கூலிங் இல்லாத பாருக்கு எதுக்கு லைசென்ஸ்"னு கத்தினது இன்னும் காதுல கேக்குது. கிராஃப்ட் பாட்டில் எல்லாம் பக்கத்துலயே ஜில்லுனு நிக்குது, ஒருத்தரும் தொடல.

கோரிமேட்டுக்காரருக்கு ஒண்ணு சொல்றேன். தமிழ்நாட்டுல பார் நடத்தறவர் நெனச்ச கம்பெனிகிட்ட நேரா வாங்க முடியாது. 1983ல டாஸ்மாக் வந்ததுல இருந்து மொத்தக் கொள்முதல் அவங்க கையில. 2003ல சில்லறை விற்பனையும் அவங்களுக்கே போயிருச்சு. ஹோட்டல் பாரா இருந்தாலும் அந்தப் பட்டியல்ல இருக்கறதைத்தான் எடுக்கணும், அதுவும் பெட்டிக் கணக்குல. 650 மில்லின்னா பெட்டிக்கு 12, சின்னதுன்னா 24. அந்த 24ல நாலு வித்து இருபது தங்கினா நஷ்டம் யாருக்கு? அந்த சூப்பர்வைசர் மேல கோவப்படாதீங்க.

செவ்வாப்பேட்டை மக

எனக்கு நடந்தது இதுக்கு நேர் எதிர். பெங்களூர்ல வேலை. அப்பா மளிகை மண்டியில கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். நல்ல நாள் பெரிய நாள்ல ஒரு சாதா லேகர், அதுவும் பாதி பாட்டில், அதுதான் அவரோட அளவு. எனக்கு சம்பளம் ஏறின சந்தோஷத்துல அவங்களே பீர் காய்ச்சற ஒரு பெரிய இடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். கண்ணாடிக்குப் பின்னாடி செப்பு அண்டாவும் எஃகுத் தொட்டியும் நிக்கறதை அப்பா ரொம்ப ரசிச்சாரு. "மில்லு பாய்லர் மாதிரி இருக்குதுமா"ன்னாரு.

பரிமாற வந்த பையன் ஆறு வகையையும் இங்கிலீஷ்ல ஒப்பிச்சான். அப்பா பொறுமையா கேட்டுட்டு, "சாதா பீர் இல்லையா தம்பி?"ன்னாரு. அவர் கேக்கறது லேகர்னு பையன்கிட்ட நான் எடுத்துச் சொன்னேன். "நாங்க காய்ச்சறது மட்டும்தான் சார்"னு சிரிச்சான். அந்தச் சிரிப்பு இருக்கே, அதைத்தான் என்னால மறக்க முடியல. அப்பா அட்டையை மூடி என் பக்கம் நகர்த்தி வச்சுட்டு, "எனக்கு லைம் ஜூஸ் சொல்லுமா"ன்னாரு. அப்புறம் வீடு வர்ற வரைக்கும் அதைப் பத்திப் பேச்சே எடுக்கல.

அங்க ஏன் லேகர் இல்லைன்னு பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன். லேகரைக் குறைஞ்ச சூட்டுல புளிக்க வச்சு, வாரக்கணக்கா குளிர்ல போட்டு வைக்கணும். தொட்டி அத்தனை நாளும் அடைஞ்சு கிடக்கும். கோதுமை பீர் ரெண்டு வாரத்துக்குள்ள ரெடி, தொட்டி காலி. கணக்கு புரியுது. ஆனா நாலு லேகர் பாட்டில் வாங்கி ஓரமா வச்சா குடியா முழுகிப்போயிரும்? கிராஃப்ட் வேணும்கறவங்களுக்குக் கிடைக்கணும்னு நீங்க சொல்றது சரிங்க கோரிமேடு. அதே ஞாயம் எங்கப்பாவுக்கும் உண்டு.

ஹாப்ஸ் பைத்தியம்

பாட்டிலைப் பத்தியே பேசறீங்க, குழாயை விட்டுட்டீங்க. புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு இடத்துல டிராட் பீர், அதான் குழாய்ல பிடிச்சுக் குடுக்கறது, கேட்டேன். முதல் வாய்லயே வெண்ணெய் வாசம், பின்னாடி புளிப்பு. குழாய் வாயை விரல் விட்டுப் பார்க்கட்டுமான்னு கேட்டேன். சர்வர் தலையாட்டினாரு. விரல்ல வழவழன்னு சாம்பல் நிறத்துல ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அவரு அதைப் பார்த்துட்டு, "தினம் இதைத்தானே ஊத்தறேன்"னு முணுமுணுத்தாரு.

எல்லாருக்கும் சொல்றேன், பார் வச்சிருக்கறவங்க யாராவது படிச்சா குறிச்சுக்கோங்க. பீர் வர்ற குழாயை ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா மருந்து விட்டுக் கழுவணும். குழாய் மூக்கைக் கழட்டித் தினமும் தேய்க்கணும். இல்லைன்னா பாக்டீரியா குடியேறும், அதோட வேலைதான் அந்த வெண்ணெய் வாசமும் புளிப்பும். டம்ளரை பஜ்ஜித் தட்டு கழுவின தண்ணியிலயே முக்காதீங்க. எண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் நுரை நிக்காது, குமிழி டம்ளர் சுவத்துல அப்பிக்கும். அதைப் பார்த்தே அழுக்கு டம்ளர்னு சொல்லிரலாம். பாட்டிலை வெயில் படற ஷோகேஸ்ல நிறுத்தாதீங்க. பீருக்குக் கசப்பு குடுக்கற ஹாப்ஸ் பூவுல இருக்கற பொருள் வெளிச்சம் பட்டா மாறி நாத்தம் அடிக்கும். பழுப்பு பாட்டில் ஓரளவு தாங்கும், பச்சை தாங்காது, வெள்ளைக் கண்ணாடி சுத்தமா தாங்காது. கோதுமை பீரை ஐஸ் மாதிரி குடுக்காதீங்க. அதுல வர்ற வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் யாரும் கலக்கறது இல்லை, ஈஸ்ட்டே உண்டாக்கறது. அளவுக்கு மேல குளிர்ந்தா அது மூக்குக்கு எட்டாது. ஸ்ட்ராங்கை நல்லா ஜில்லுனு குடுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

கேஷியர் அண்ணனுக்கு: வாங்கின பாட்டில் தங்கிருச்சுங்கறீங்களே, அது என்னன்னு உங்க சர்வர்ல ஒருத்தராவது சொல்லி வித்தாரா? சொல்லிப் பார்த்திருந்தா நாலு பேராவது கேட்டிருப்பாங்க.

ஓமலூர் பெரியவர்

இளைஞர்கள் பேசுவதைப் படித்தேன். கிராஃப்ட், லேகர் என்று பெங்களூரையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த மண்ணிலேயே ஆளாளுக்குக் கைப்பக்குவத்தில் இறக்கிய பானம் ஒன்று இருந்தது. என் தாத்தா ஓமலூர்ப் பக்கம் பனையேறி. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். அவர் மரத்துக் கள்ளையும் பக்கத்துத் தோட்டத்துக் கள்ளையும் ஊரார் கண்ணை மூடிக் குடித்துப் பிரித்துச் சொல்வார்களாம்.

1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி அரசு மதுவிலக்கைத் தொடங்கியது எங்கே? வேறெங்கும் இல்லை, இந்தச் சேலம் ஜில்லாவில்தான். குடியால் அழிந்த குடும்பங்களைப் பார்த்துத்தான் செய்தார், அதை நான் குறை சொல்லவில்லை. அதன்பின் 1971இல் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள். 1987 முதல் கள்ளுக்குத் தடை, பாட்டில் மதுவுக்கு இல்லை. அந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பாலக்காடு போயிருந்தபோது ஒரு கள்ளுக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மரத்திலிருந்து நேரே இறங்கி வந்த ஆள் இடுப்பில் பாளை அருவாளோடு உள்ளே வந்து கலயத்தைச் சாய்த்தார். என் தாத்தாவுடையதைப் போலவே பிடியில் தோல் சுற்றிய அருவாள். எங்கள் வீட்டுப் பரணில் அவருடையது துருப்பிடித்துக் கிடக்கிறது. நான் எழுந்து நின்றுவிட்டேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டும் எனக்கு வாய் எழவில்லை.

பாரில் எது வைக்கலாம் என்றால், முதலில் கள்ளை வையுங்கள்.

ஆத்தூர்க்காரன், இப்ப கோவை

பெரியவருக்கு வணக்கம். ஆனா கைப்பக்குவம் ஒரு பக்கம், பெரிய கம்பெனி எதிர்ப்பக்கம்னு பிரிக்கறது எனக்கு ஒத்துவரல ஐயா.

வேலைக்காக மொசாம்பிக்ல இருந்தேன். மாப்புட்டோவுல ஒரு பொட்டிக்கடை வாசல்ல கூட வேலை செய்யறவன் ஒரு பாட்டிலை நீட்டினான், பேரு இம்பாலா. "இது எதுல செஞ்சது தெரியுமா?"ன்னு கேட்டு, தரையில குச்சியால ஒரு கிழங்கை வரைஞ்சு காமிச்சான். மரவள்ளி! எங்கப்பா ஆத்தூர்ப் பக்கம் வருஷாவருஷம் போட்டு, ஜவ்வரிசி செய்யற சேகோ ஆலை குடுக்கற விலைக்குத் தலையாட்டற அதே கிழங்கு. அங்கயே நின்னு அப்பாவுக்கு போன் பண்ணேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அங்க டன் என்ன விலைக்குப் போவுதாம்?"ன்னாரு.

அதைக் கொண்டுவந்தது உலகத்துலயே பெரிய பீர் கம்பெனிகள்ல ஒண்ணா அப்ப இருந்த சாப்மில்லர், 2011ல. பிடுங்கின கிழங்கு ரெண்டு மூணு நாள்ல உள்ள கருத்துரும், நம்ம ஆளுங்களுக்குச் சொல்லவே வேணாம். அதனால மெஷினை வண்டியில ஏத்தி காட்டுக்கே கொண்டுபோயி அரைச்சாங்க. அரசாங்கமும் அந்த பீருக்கு வரியைக் குறைச்சுச்சு. சிறு விவசாயிகிட்ட வாங்கி, பெரிய ஆலையில காய்ச்சி, மத்த பீரை விடக் குறைஞ்ச விலைக்கு வித்தாங்க. இதை கிராஃப்ட்னு சொல்வீங்களா, பெரிய கம்பெனி பீர்னு சொல்வீங்களா? சேலத்துல இத்தனை சேகோ ஆலை இருக்கு. ஒரு மரவள்ளி பீர் இந்த மாவட்டத்துல இருந்து வந்தா அதை எந்த பார்லயும் முன்வரிசையில வைக்கணும்பேன், செஞ்சது யாரா இருந்தாலும்.

அடிவாரம் ஒர்க்‌ஷாப்

எல்லாரும் குடிக்கறதைப் பத்தி எழுதறீங்க, இறங்கறதைப் பத்தி யாரும் எழுதல. ஏற்காடு ரோட்டுல இருபது கொண்டை ஊசி வளைவு. ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி வண்டி தூக்கக் கூப்பிட்டாங்க. கார் தடுப்புச் சுவத்து மேல வயித்தை வச்சு நிக்குது, முன் சக்கரம் ரெண்டும் அந்தரத்துல சுத்துது. ஓட்டின பையன் ரோட்டோரம் உக்காந்து, "பீர்தாண்ணா, சரக்கு தொடவே இல்ல"ன்னு அதையே சொல்லிட்டிருந்தான்.

கணக்கு போட்டுப் பாருங்க. 8 சதவீத ஸ்ட்ராங் 650 மில்லின்னா உள்ள 52 மில்லி சுத்தமான ஆல்கஹால். 5 சதவீத பீர் 330 மில்லியில 16 மில்லி சொச்சம். ஒரு பெரிய பாட்டில் மூணு சின்ன பாட்டிலுக்குச் சமம். 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டினாலே கேஸு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் முதல் தடவைக்கே 10,000 ரூபா அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ரெண்டும். மேலயே ரூம் போட்டுத் தங்குங்க. முடியலையா, குடிக்காத ஆள் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. இறங்கறப்போ ரெண்டாவது கியருக்கு மேல போகாதீங்க, பிரேக்கை அழுத்திட்டே வராதீங்க, சூடேறிப் பிடிக்காமப் போயிரும். ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க. பனி இறங்கியிருந்தா ஹை பீம் போடாதீங்க. மோர், எலுமிச்சை, பச்சைத் தண்ணிக் குளியல், எதுவும் போதையை இறக்காது, நேரம் மட்டும்தான் இறக்கும்.

பாருக்காரங்க சின்ன பாட்டிலை வைக்கணும்கறதுக்கு எனக்கு இந்த ஒரு காரணம் போதும். பெரிய பாட்டிலைத் திறந்தா யாரும் பாதியில வைக்கறதில்லை.

அஞ்சு ரோடு கேஷியர்

ஹாப்ஸ் தம்பி கேட்டது சரியான கேள்வி. எங்க சர்வருங்க யாருக்கும் அந்த பீரை ஒரு வாய் கூட ருசி காட்டல. தெரியாத பொருளை அவங்க எப்படி விப்பாங்க? பழைய முதலாளிகிட்ட பேசினேன். வெள்ளி, சனிக்கு மட்டும் ஒரு பெட்டி சின்ன பாட்டில், தனியா ஒரு குட்டி ஃப்ரிட்ஜ்ல. தயாரிச்ச தேதியை மெனுவுலயே எழுதிப் போடணும். சாதா லேகர் எப்பவும் இருக்கணும், செவ்வாப்பேட்டை அப்பா வந்தா கேட்டது கிடைக்கணும். குழாய் வேணாம், அதைக் கழுவ ஆள் இல்லை. "ஆவணி முகூர்த்தம் முடியட்டும், பார்க்கலாம்"னு சொல்லியிருக்காரு.