புளோரிடா தலைநகர் டல்லஹாசியில், சட்டமன்றக் குழுவின்முன் பேசிய அனுபவம் உண்டா?

புளோரிடா நண்பர்களுக்கு வணக்கம். பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 2018 மார்ச்சில் எந்தத் துப்பாக்கி வாங்கவும் 21 வயது ஆகவேண்டும் என்று இம்மாநிலம் சட்டமியற்றியது. ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் அதைத் திரும்ப 18 ஆக்கும் மசோதாவைக் கீழவை சில முறை நிறைவேற்றியும், மேலவை பிடிகொடுக்கவில்லை. அடுத்த முறையும் அப்படியே இருக்குமா, யார் கண்டது?

விளக்கை அணைத்துவிட்டு மேசைக்கடியில் ஒளியும் பள்ளிப் பயிற்சி என் மகளுக்குப் பழகிவிட்டது, எனக்குத்தான் பழகவில்லை. மசோதா மீண்டும் வந்தால், அதை ஆராயும் சட்டமன்றக் குழுவின்முன் பேச விரும்புகிறேன். யாராவது பேசியிருக்கிறீர்களா? எத்தனை நிமிடம் தருவார்கள்? கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் பேசலாமா? என் உச்சரிப்பை நினைத்தால் கூச்சமாகவும் இருக்கிறது, மறைப்பானேன். எழுதிக்கொண்டுபோய்ப் படித்தால் தவறாக நினைப்பார்களா?