புதுப்பிப்பு: ஜோர்டன் ஹாலில் மாடிக்கே போனேன்

பாஸ்டனில் உள்ள நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் மாணவர் கச்சேரி கேட்க எங்கே உட்காரலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். மாடியைச் சொன்னவர்களுக்கு நன்றி! 1903-இல் திறந்த, அந்தக் கல்லூரியின் பெரிய அரங்கான ஜோர்டன் ஹாலில் ஏறத்தாழ ஆயிரம் இருக்கைகள். மாடி, லாடம்போல் வளைந்து மேடையை அணைத்து நிற்கிறது. செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) வாசிப்பவர் வில்லைத் தூக்குமுன் இழுத்த மூச்சுகூட மேலே கேட்டது. பக்கத்தில் ஒருவர் மிட்டாய்த் தாளைப் பிரித்ததும் அதே துல்லியத்தில் கேட்டது, அது வேறு கதை.

அதே கட்டடத்தில் பிரவுன் ஹால், வில்லியம்ஸ் ஹால் என்று சிறிய அரங்குகளும் உண்டு. ஒத்திகையும் நடக்கும், கச்சேரியும் நடக்கும். எனக்கென்னவோ நால்வர் வாசிக்கும் இசைக்கு வில்லியம்ஸ்தான் பிடித்தது. வயலின் தந்தியில் படிந்த ரோசின் (வில்லில் தேய்க்கும் பிசின்) தூள்வரை தெரிகிறது. மாணவர் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். பாஸ்டன் சிம்பனி இசைக்குழுவின் அரங்கான சிம்பனி ஹாலும் நடக்கும் தூரம்தான். ஒரே மாலையில் இரண்டுக்கும் ஆசைப்படாதீர்கள்.