எரித்திரியக் குடும்பம் ஜனவரியில் வருகிறது: ஐவர் குழு எதை முதலில் செய்ய வேண்டும்?

ஸ்காபரோ_ஐவர்:
வணக்கம். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, கனடாவின் அகதிகள் ஸ்பொன்சர் திட்டத்தில் ஐவர் குழுவாக அழைத்த எரித்திரியக் குடும்பம் அடிஸ் அபாபாவிலிருந்து ஜனவரியில் ரொறன்ரோ வருகிறது. கணவன், மனைவி, 9, 6, 1 வயதில் மூன்று பிள்ளைகள். திக்ரிஞா மொழி மட்டும்தான் தெரியும். 2024 நவம்பரில் கனடா அரசு புதிய ஐவர் குழு விண்ணப்பங்களை நிறுத்துவதற்கு முன்பே போட்ட கோப்பு இது. வீடு பார்த்தாயிற்று. வந்ததும் எதை எந்த ஒழுங்கில் செய்வது? ஸ்பொன்சராக நாங்கள் தர வேண்டிய 12 மாதக் காசை நாங்களே வைத்துச் செலவழிப்பதா, அவர்கள் கையில் கொடுப்பதா? குழுவுக்குள் இதில்தான் இழுபறி.

பனிக்காலம்:
விமான நிலையத்துக்கு இரண்டு வாகனம் கொண்டுபோங்கள். 1 வயதுக்குக் குழந்தை இருக்கை, 6 வயதுக்கு பூஸ்டர். ஒன்ராறியோவில் 8 வயது, 36 கிலோ, 145 செ.மீ. இவற்றில் ஒன்றைத் தொடும்வரை பூஸ்டர் கட்டாயம். குளிர் ஜாக்கெட்டும் பூட்ஸும் விமான நிலைய வாசலிலேயே கொடுக்க வேண்டும், வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். ஐஓஎம் (சர்வதேச புலம்பெயர்வு அமைப்பு) என்று எழுதிய பை ஒன்று அவர்களிடம் இருக்கும். லாண்டட் பேப்பர் (நிரந்தர வதிவிட உறுதிப் பத்திரம்) முதல் எல்லாக் காகிதமும் அதற்குள்தான், டிக்கியில் போடாமல் கையிலேயே இருக்கட்டும். நிரந்தர வதிவிட அட்டை தபாலில் வருவதால் விமான நிலையத்துக்குள் குடிவரவு அதிகாரியிடம் சொல்லும் முகவரி சரியாக இருக்கட்டும்.

அடுத்த நாட்களில் சின் நம்பர் (சமூகக் காப்புறுதி எண்), பிறகு பாங்க் கணக்கு, ஹெல்த் கார்ட், பள்ளிக்கூடம். சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைகளுக்காக அரசு மாதாமாதம் தரும் காசு) விண்ணப்பத்தை முதல் வாரமே போடுங்கள். தாயின் பெயரில் ஆர்சி66 படிவம், கூடவே கனடாவுக்கு வருமுன் இருந்த வருமானத்தைக் கேட்கும் இணைப்பு. வருமானம் இல்லையென்றால் கட்டத்தை வெறுமையாக விடாமல் 0 எழுதுங்கள்.

இழுபடுவது பெயரில்தான். எரித்திரியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று போகும். மனைவி கணவன் பெயரை எடுப்பதில்லை. ஆகவே ஒரே வீட்டில் கடைசிப் பெயர் ஆளுக்கொன்றாக நிற்கும். இனிஷியலோடு வந்து அல்லாடிய நம் ஆட்களுக்கு இது புதிதா என்ன? லாண்டட் பேப்பரில் உள்ள எழுத்தையே எல்லா இடத்திலும் அப்படியே கொடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
காசு அவர்கள் கணக்குக்குத்தான் போக வேண்டும். கூட்டுக் கணக்கும் வேண்டாம், பாங்க் கார்டை நீங்கள் வைத்திருப்பதும் வேண்டாம். வீட்டுச் சாமான் செலவைத் தனியாக முடித்துவிட்டு, ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி அந்த மாதத்து முழுத் தொகையையும் போட்டுவிடுங்கள். வாடகையும் அவர்கள் கணக்கிலிருந்தே போகட்டும். சைல்ட் பெனிஃபிட் வந்துவிட்டதென்று நீங்கள் தரும் காசில் கழிக்கக் கூடாது. குடும்பத்திடம் முற்பணமோ, பிறகு திருப்பித் தரும் ஒப்பந்தமோ வாங்கினால் அது விதிமீறல்.

அவர்கள் வருவதற்குக் கனடா அரசு தந்த விமான டிக்கெட் கடனை முதல் மாதமே விளக்குங்கள். 2018 முதல் அதற்கு வட்டி இல்லை, வந்து ஓராண்டு கழித்துத்தான் தவணை தொடங்கும். யாரும் சொல்லாமல் விட்டால், உங்கள் உதவி நின்ற அதே நேரத்தில் கடன் கடிதம் வந்து நிற்கும். வாடகையும் அப்படித்தான். 13ஆம் மாதம் அவர்களால் தனியாகக் கட்ட முடியுமா என்று பார்த்தா வீடு எடுத்தீர்கள்? முதல் ஆண்டில் வெல்ஃபெயர் (அரசின் சமூக உதவிப் பணம்) பக்கம் அனுப்பினால் பொறுப்பு தவறியது நீங்கள்.

வருமான வரியை மறக்காதீர்கள். ஒரு சதம் உழைக்காவிட்டாலும் அடுத்த ஆண்டு ஏப்ரல் 30க்குள் கணவன், மனைவி இருவரும் கணக்குக் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஜூலையில் சைல்ட் பெனிஃபிட் நின்றுவிடும்.

தமிழ்ச்செல்வி_மார்க்கம்:
மருத்துவரிடம் 9 வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயின் மகப்பேற்றுப் பிரச்சினையை பிள்ளை வாயால் கேட்பது கொடுமை. தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் போதும். நேரில் ஒருவரை அழைப்பதானால் குடும்பத்திடம் முதலில் கேளுங்கள். எரித்திரிய அரசின் ஆதரவாளர், எதிர்ப்பாளர் பிளவு இங்கேயும் உண்டு. 2023 ஆகஸ்டில் ரொறன்ரோவில் அவர்களின் விழாவிலேயே கைகலப்பானது. எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியாமல் ஒருவரைக் கூட்டிப்போனால் அவர்கள் வாயே திறக்கமாட்டார்கள்.

பல்லுக்கும் கண்ணாடிக்கும் அகதிகளுக்கான இடைக்கால மத்திய சுகாதாரத் திட்டம் இருக்கிறது, ஆனால் எல்லாப் பல் மருத்துவரும் அதை எடுப்பதில்லை. போன் பண்ணும்போதே கேளுங்கள்.

சாப்பாடு: ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் என்றால் புதன், வெள்ளி விரதம். இறைச்சி, பால், முட்டை மூன்றும் இல்லை. கோழியால் ஃப்ரிட்ஜை நிரப்பாமல் பருப்பு, வெங்காயம், எண்ணெய், எத்தியோப்பியக் கடை இஞ்சேரா (தோசை மாதிரிப் புளித்த மாவு ரொட்டி) வாங்கி வையுங்கள்.

ஸ்காபரோ_ஐவர்:
பெரிய உதவி. இன்னொன்று: 17 வயது மூத்த மகள் சூடானில் தனியாக இருக்கிறாள் என்று நேற்றுத்தான் சொன்னார்கள். பிறகு கூப்பிடலாமா?

பனிக்காலம்:
இதுதான் எல்லாவற்றையும்விட அவசரம். வந்து ஓராண்டுக்குள் அவளுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் மூல விண்ணப்பத்தில் ‘உடன் வராத பிள்ளை’ என்று அவள் பெயர் இருக்க வேண்டும். பெயரே இல்லையென்றால் பின்னாளில் குடும்ப ஸ்பொன்சருக்கும் அது தடையாக வரலாம். படிவத்தின் நகலை இன்றே எடுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் அவர்கள் விமானம் ஏறுமுன் விசா அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவித்து, அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள்.