போர்க்களச் சுற்றுலாக் கப்பல்: இவோ ஜிமாவில் இறங்கினார்களா, இல்லையா?

கடற்காகம்:
குவாம், சைப்பான், டினியன், இவோ ஜிமா என்று இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய பசிபிக் தீவுகளைச் சுற்றிவரும் நினைவுப் பயணக் கப்பல் பற்றி இங்கே ஒருவர் உருகி உருகி எழுதியிருக்கிறார். "கப்பலில் வந்த முன்னாள் வீரர்கள் இவோ ஜிமா கரையில் இறங்கி, தாங்கள் சண்டையிட்ட கறுப்பு மணலை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்" என்கிறார். கீழே ஆளாளுக்குக் கண்ணீர்ப் பொம்மை. ஐயா, அந்தத் தீவில் அவ்வளவு பெரிய கப்பல் அணையத் துறைமுகமே கிடையாது. 1968-இல் அமெரிக்கா திருப்பிக் கொடுத்த பிறகு அது ஜப்பானியப் படைத்தளம். சுற்றுலாக்காரர்களை விடமாட்டார்கள். கப்பல் தீவை ஒரு சுற்றுச் சுற்றும், மேல்தளத்தில் நின்று தீவின் சுரிபாச்சி மலையைப் படம் பிடிக்கலாம். கதை அதோடு சரி. யாரும் இறங்கவில்லை.

பசிபிக் பித்தன்:
அந்த "ஒருவர்" நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். வீரர்கள் அங்கே இறங்குவது ஊரறிந்த சங்கதி. 1985-இல் 40ஆம் ஆண்டின்போது இரண்டு நாட்டு வீரர்களும் அதே கரையில் சந்தித்துக் கட்டிக்கொண்டார்கள், நினைவுக்கல்லும் வைத்தார்கள். 2025-இல் 80ஆம் ஆண்டு அஞ்சலிக்கு ஜப்பான் பிரதமர் இஷிபாவே நேரில் போனார். இதெல்லாம் தெரியாமல் "யாரும் இறங்கவில்லை" என்று தீர்ப்பு எழுத ஒரு தைரியம் வேண்டும்.

கடற்காகம்:
அவர்கள் போனது விமானத்தில்! குவாமிலிருந்து தனி விமானம், ஒரே நாளில் போய்த் திரும்புவார்கள். உங்கள் பதிவில் இருப்பது கப்பல். கப்பலில் போனவர் இறங்கினாரா? ஒற்றை வரியில் பதில் சொல்லுங்கள்.

பசிபிக் பித்தன்:
ஒற்றை வரி: இறங்கினார்கள். நானே ஒரு பெரியவர் பேட்டியில் பார்த்தேன், பாட்டிலில் மணலோடு.

கடற்காகம்:
மணல் பாட்டில் சாட்சியா? விமானத்தில் போனவர்கள் வழக்கமாகக் கொண்டுவருவதுதான் அது. கப்பலில் போனவர் இறங்கினாரா?

திண்ணைவாசி:
நடுவில் ஒரு சந்தேகம். முன்னாள் வீரர் என்று யாரைச் சொல்கிறீர்கள்? 1945-இல் அந்தக் கரையில் நின்றவரையா, கொரியா, வியட்நாம் போனவரையும் சேர்த்தா? அன்று 18 வயது என்றால் 2025-இல் 98. 1941-இல் பேர்ல் ஹார்பரில் ஜப்பானியர் மூழ்கடித்த அரிசோனா போர்க்கப்பலில் தப்பியவர்களில் கடைசி மனிதரான லூ கான்டர் 2024-இல் 102 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த வயதில் கயிற்றேணி பிடித்துப் படகில் இறங்கி, கால் புதையும் எரிமலைச் சாம்பலில் நடப்பதென்றால்...

பசிபிக் பித்தன்:
அவர்கள் மன உறுதி உங்களுக்கும் எனக்கும் புரியாது. இறங்கினார்கள்.

கடற்காகம்:
மன உறுதி இருந்தால் கப்பல் பறக்குமா? இறங்கவில்லை.

ஏழாம் கப்பற்படை:
அது கிடக்கட்டும். பித்தன் பதிவில் கொடியேற்றும் படத்தைப் போட்டு "முதன்முதலாகக் கொடி ஏறிய கணம்" என்று எழுதியிருக்கிறாரே, அதை ஒருவரும் கேட்கவில்லையே? 1945 பிப்ரவரி 23-இல் சுரிபாச்சி மலையில் இரண்டு அமெரிக்கக் கொடி ஏறியது. ஜோ ரோசென்தால் எடுத்த புகழ்பெற்ற படம் இரண்டாவது கொடி. படத்தில் இருப்பவர்கள் யார் என்பதையே அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை (மரீன்) 2016-இலும் 2019-இலும் திருத்தியது.

பசிபிக் பித்தன்:
வந்துவிட்டார் அடுத்த திருத்தக்காரர். அமெரிக்கர் பக்கம் மட்டும் ஏழாயிரம் பேருக்கு நெருக்கமாகச் செத்த இடம். நீங்கள் இங்கே கொடி எண்ணிக்கொண்டிருங்கள்.

மூங்கில்காடு:
ஜப்பானியர் கணக்கையும் சொல்லுங்களேன். தீவைக் காத்தவர்கள் சுமார் 21,000 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் எலும்புகள் இன்னும் சுரங்கங்களுக்குள்ளேயே கிடக்கின்றன. 1944-இல் வெளியேற்றிய தீவு மக்களை இன்றுவரை குடியேற விடவில்லை. அந்தக் கல்லறையைச் சுற்றிப் பன்னிரண்டு மாடி உல்லாசக் கப்பல், மேலே நீச்சல் குளம், இரவு விருந்து. இதற்கு அஞ்சலி என்று பெயராம்.

பசிபிக் பித்தன்:
கப்பலில் மலர்வளையம் விட்டார்கள், ஊதுகுழல் வாசித்தார்கள். பாதிப் பதிவைப் படித்துவிட்டுப் பேசாதீர்கள்.

கடற்காகம்:
ஆஹா, மலர்வளையத்தைக் கப்பலிலிருந்து விட்டார்களா? இறங்கியிருந்தால் கரையில் அல்லவா வைத்திருப்பார்கள்? உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. இறங்கவில்லை.

பசிபிக் பித்தன்:
முதலில் கடலில் விட்டார்கள், அப்புறம் இறங்கினார்கள்.

தோட்டத்துப் பேரன்:
இறங்கினார், இறங்கவில்லை என்று பட்டிமன்றம் போதும். சயாம் மரண ரயில் பாதைக்கு எவனாவது நினைவுக் கப்பல் விட்டானா? போரில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன நம் ஆட்கள் ஆயிரமாயிரமாகக் காலராவிலும் பசியிலும் செத்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல். நம்மவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் இல்லை. எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் போனார், திரும்பவில்லை.

கடற்காகம்:
வருத்தமான விஷயம், ஆனால் அதற்குத் தனி இழை திறவுங்கள் தம்பி. இங்கே கேள்வி ஒன்றுதான்.

தோட்டத்துப் பேரன்:
தம்பியா? எனக்கு அறுபது ஆகிறது. ஐவோ ஜிமா கறுப்பு மணலுக்கு இருக்கும் மரியாதை எங்கள் பிணங்களுக்கு இல்லையா?

ஏழாம் கப்பற்படை:
இவோ ஜிமா. "ஐவோ" அல்ல.

தோட்டத்துப் பேரன்:
உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

பசிபிக் பித்தன்:
பேரன் ஐயா, கடற்காகத்தின் சரக்கு இவ்வளவுதான். எம்டன் இழையில் என்ன ஆட்டம் ஆடினார் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். 1914 செப்டம்பர் 22-இல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சுட்டு சென்னையில் குண்டு விழுந்தது பட்டப்பகலில் என்று மூன்று பக்கம் சாதித்தவர். ராத்திரியில் எண்ணெய்க் கிடங்கு எரிந்ததை ஊரே பார்த்தது.

கடற்காகம்:
அந்த இழையில் நான் எழுதியது வேறு, நீங்கள் வெட்டி ஒட்டியது வேறு. எம்டனை இழுத்தாலும் எமனையே இழுத்தாலும் கேள்வி மாறாது. கப்பலின் பயணத் திட்டத்தைப் போடுங்கள். டினியனில் இறங்கலாம், 1945-இல் விமானத்தில் அணுகுண்டு ஏற்றிய குழியைக் கண்ணாடி மூடி வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாம். சைப்பானில் இறங்கலாம். இவோ ஜிமாவுக்கு நேரே என்ன போட்டிருக்கிறது?

பசிபிக் பித்தன்:
திட்டம் என் கணினியில் இருக்கிறது. உங்களுக்கு நிரூபிக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

திண்ணைவாசி:
முன்னாள் வீரர் யார் என்று கேட்டேன்...

கடற்காகம்:
பயணத் திட்டம் எங்கே?

ஏழாம் கப்பற்படை:
படத்தின் கீழே "முதன்முதலாக" இன்னும் அப்படியே இருக்கிறது.

பசிபிக் பித்தன்:
இருக்கும். இறங்கினார்கள்.

கடற்காகம்:
நாலு மணி நேரமாகக் கேட்கிறேன். பயணத் திட்டம்?