யூரியாவைக் குறைக்க அரசிடம் எதைக் கேட்பது? டெல்டா நெல் சாகுபடி பற்றி ஒரு கேள்வி

மன்னை உழவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குக் கிழக்கே, வாய்க்கால் நீர் கடைசியாக வந்துசேரும் கடைமடையில் சம்பாவும் அதன்பின் உளுந்தும் சாகுபடி செய்கிறவன் நான். அடுத்து நடக்கவிருக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் எங்கள் வாய்க்கால் பாசனதாரர்கள் சார்பில் ஒரு மனு கொடுப்பதாக இருக்கிறோம். பல கோரிக்கைகளை அடுக்கிக்கொண்டு போனால் எதுவும் நடப்பதில்லை என்பதால், ஒன்றை மட்டும் அழுத்திக் கேட்க நினைக்கிறோம்.

சிக்கல் இதுதான். பரிந்துரைப்படி ஏக்கருக்கு மூன்று மூட்டைக்குள் முடியவேண்டிய யூரியாவை எங்கள் பகுதியில் நான்கு மூட்டை வரை இடுகிறார்கள். யூரியா மிகுந்தால் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் கூடவே வரும், பயிர் உயரமாக வளர்ந்து ஐப்பசி, கார்த்திகை மழையில் சாய்ந்துவிடும் என்பதை அறியாதவர் எங்கள் ஊரில் எவரும் இல்லை. மண்வள அட்டை பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. குடும்ப அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அதில் எழுதியிருப்பதன்படி உரமிடுகிறவரைத்தான் நான் பார்த்ததில்லை. பயிற்சி முகாமுக்குப் போய்க் கைதட்டிவிட்டு வந்தவரும் மறுநாள் மேலுரத்துக்கு வழக்கமான அளவையே வீசுகிறார்.

தெரிந்தும் மாறாதவர்களுக்கு இன்னொரு பயிற்சி முகாம் கேட்பது வீண் என்பது என் எண்ணம். அப்படியானால் எதைக் கேட்பது? யூரியா விலையை மாற்றச் சொல்வதா, இயற்கை உரத்துக்கு மானியமா, கொள்முதலில் கூடுதல் விலையா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியில் பாதிப் பதில் இருக்கிறது. பணியில் இருந்த காலத்தில் நானும் விழிப்புணர்வையே முதன்மையாக நம்பும் திட்டங்களைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். திருந்திய நெல் சாகுபடியை எடுத்துக்கொள்ளுங்கள். 14 நாள் நாற்று, குத்துக்கு ஒரு நாற்று, சதுர நடவு, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் என்ற அந்த முறையில் விதையும் நீரும் மிச்சமாகும் என்பதை விவசாயிகள் கண்ணால் பார்த்தார்கள். ஆனாலும் திட்டப் பணம் வந்த வரைக்கும் செய்துவிட்டுப் பலர் பழைய முறைக்கே திரும்பினார்கள். நடவு ஆட்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தக் கூலி பேசி வருகிறவர்கள். கயிறு பிடித்து, அடையாளம் வைத்து நடச் சொன்னால் அவர்களுக்கு அன்றைய வருமானம் குறைகிறது. களையெடுக்கும் உருளைக் கருவியான கோனோவீடரை ஈரக் களிமண்ணில் தள்ளுவது எவ்வளவு கடினம் என்பது தள்ளிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முறையில் குறை இல்லை. அதன் சுமை யார் தோளில் விழுகிறது என்று திட்டம் தீட்டியவர்கள் பார்க்கவில்லை.

யூரியாவுக்கும் இதே கணக்குத்தான். யூரியா இட்ட சில நாட்களில் வயல் கரும்பச்சையாகிறது. வரப்பில் நடந்துபோகிறவர் "பயிர் நன்றாக இருக்கிறதே" என்கிறார். அளவாக இட்டவரின் வயல் அந்த வாரத்தில் சற்று வெளிறித் தெரியும். வீட்டில் உள்ளவர்களே உரம் போதவில்லையா என்று கேட்பார்கள். அறுவடையில் கணக்கு மாறலாம், ஆனால் ஊர் தீர்ப்புச் சொல்வது நடவு முடிந்த முப்பதாம் நாள். இதற்காகத்தான் பச்சை நிறத்தின் அளவுகளுக்கு எண் போட்டுக் காட்டும் இலை வண்ண அட்டையைப் பரிந்துரைத்தோம். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை இலையை அட்டையோடு ஒப்பிட்டு, வெள்ளைப் பொன்னிக்கு 3க்கும் மற்ற இரகங்களுக்கு 4க்கும் கீழே நிறம் இறங்கினால் மட்டும் தழைச்சத்து (நைட்ரஜன்), அதாவது யூரியா, இட வேண்டும். விலை மிகக் குறைவு, படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தலாம். தனி ஒருவர் கையில் அது விளையாட்டுப் பொருளாகப் போய்விட்டது. ஒரே வாய்க்காலில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து பார்த்த இடங்களில் மட்டும் நிலைத்தது. பக்கத்து வயலும் அதே நிறத்தில் இருந்தால் வெளிறலைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.


வேளாண் பொருளியல் மாணவர் எழுதியது:

ஐயா சொன்ன சமூகக் காரணத்தை ஏற்கிறேன். ஆனால் விலையை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. 45 கிலோ யூரியா மூட்டை ஏறத்தாழ 266 ரூபாய், அதாவது கிலோ 6 ரூபாய். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்த டிஏபி உரம் 50 கிலோ 1,350 ரூபாய், கிலோ 27 ரூபாய். சாம்பல்சத்து (பொட்டாசியம்) தரும் பொட்டாஷ் அதற்கும் மேலே போய்விட்டது. இந்த ஏற்றத்தாழ்வு தானாக வந்ததில்லை. 2010 ஏப்ரலில் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலையைச் சந்தைக்குத் திறந்துவிட்டு, யூரியாவை மட்டும் கட்டுப்பாட்டு விலையில் நிறுத்தினார்கள். மற்ற உரங்களின் விலை ஏற ஏற, விவசாயி மலிவானதை நோக்கிச் சாய்ந்தார். தழை, மணி, சாம்பல் சத்துகளுக்கு 4:2:1 என்ற விகிதத்தை எத்தனை அட்டையில் அச்சடித்துக் கொடுத்தாலும், கடையில் இருக்கும் விலைப்பலகை வேறொரு விகிதத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. 2015இல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியதும், 2018இல் மூட்டையை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைத்ததும், விலையைத் தொடாமல் பயன்பாட்டைக் குறைக்கச் செய்த முயற்சிகள். மூட்டைக் கணக்கில் உரமிடும் பழக்கத்தை வைத்தே அளவைக் குறைக்கப் பார்த்தது கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் மூன்று போட்டவர் நான்கு போடத் தொடங்கினால் அதுவும் பயனற்றுப்போகும்.

விலையை ஒரேயடியாக உயர்த்தும் துணிச்சல் எந்த அரசுக்கும் வராது, வரவும் கூடாது. குறுவிவசாயிதான் முதலில் அடிபடுவார். மிச்சப்படுத்துகிறவருக்குப் பங்கு கொடுக்கலாம். 2023இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த பிஎம் பிரணாம் திட்டத்தில், இரசாயன உரப் பயன்பாட்டைக் குறைக்கும் மாநிலத்துக்கு மிச்சமான மானியத்தில் 50 விழுக்காடு திரும்பக் கிடைக்கும் என்று ஏற்பாடு செய்தார்கள். அந்தப் பங்கு மாநிலக் கருவூலத்தோடு நின்றுவிடாமல் பாசனக் குழு வரை வர வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

பஞ்சாபிலிருந்து ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நிலத்தடி நீரைக் காக்க 2009இல் அங்கே ஒரு சட்டம் போட்டு, ஜூன் 10க்கு முன் நெல் நடக்கூடாது என்றார்கள். நோக்கம் சரி. ஆனால் அறுவடையும் பின்னே தள்ளிப்போய், நெல்லுக்கும் கோதுமைக்கும் இடையிலான நாட்கள் சுருங்கி, வைக்கோலை எரித்துவிட்டு விதைப்பதே எளிது என்றாகிவிட்டது. ஒரு பழக்கத்தைச் சட்டத்தால் நகர்த்தினால் அதோடு கட்டுண்ட இன்னொன்றும் நகரும்.


வன்னிக் கமக்காரன் எழுதியது:

இலங்கையின் கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் மனுவில் "தடை" என்ற சொல் எங்கும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

2005 தொடக்கம் எங்கள் நெல்லுக்கு 50 கிலோ பசளை (உரம்) மூடை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. 2020இல் இலவசமாகவே தருவதாக அறிவித்தார்கள். 2021 ஏப்ரலில் இரசாயனப் பசளை இறக்குமதியே கூடாது என்றார்கள், மே மாதம் வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் வந்தது. 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்து ஆண்டுகளில் சேதன (இயற்கை) விவசாயத்துக்கு மாறுவது என்றுதான் இருந்தது. அந்தப் பத்து ஆண்டுகளை ஒரு போகத்துக்குள் முடிக்கப் பார்த்தார்கள். 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. அதைக் கூட்டெருவிலிருந்து எடுப்பதென்றால் ஒரு தொன்னுக்கும் மேலே வேண்டும். ஒரு ஏக்கருக்கு அதை யார் செய்வது, எந்த உழவு இயந்திரத்தில் ஏற்றி வருவது, யார் இறைப்பது? அரசின் விவசாய அலுவலகமான கமநல சேவை நிலையத்தில் நாங்கள் கேட்ட கேள்விகள் இவைதான். பதில் வரவில்லை. சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பலின் மாதிரிகளில் தீங்கான பற்றீரியா இருப்பதாகச் சொல்லித் திருப்பியனுப்பிய கதையை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நவம்பரில் தடையை நீக்கினார்கள். முதன்மைப் பருவமான பெரும்போகம் அதற்குள் விதைத்தாயிற்று, விளைச்சல் படுத்துவிட்டது.

இதில் பலர் கவனிக்காத இழப்பு ஒன்று உண்டு. அதற்கு முன்னரே விருப்பத்தோடு சேதன முறையில் செய்துவந்த சில கமக்காரர் எங்கள் பக்கத்தில் இருந்தார்கள். மற்றவர்கள் அவர்களிடம் போய் ஆலோசனை கேட்பார்கள். தடைக்குப் பிறகு "சேதனம்" என்றாலே ஆட்களுக்குக் கோபம் வந்தது. நல்ல பழக்கம் ஒன்றைக் கெடுக்க வேண்டுமென்றால் அதைக் கட்டாயமாக்கினால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. சிக்கிமைச் சொல்லி எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள், அங்கே 2003இல் தொடங்கி, பசளை மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, 2016இல்தான் முழுச் சேதன மாநிலம் என்று அறிவித்தார்கள் என்பதையும், அங்கே தொடக்கத்திலேயே இரசாயனப் பசளை மிகக் குறைவு என்பதையும் சொல்லவில்லை.


தகடூரான் எழுதியது:

தருமபுரிக்காரன் என்பதால் கொள்முதல் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேழ்வரகுக்கு ஆதரவு விலை 2024-25இல் குவிண்டாலுக்கு 4,290 ரூபாய், சாதாரண நெல்லுக்கு 2,300. தாளில் உள்ள விலையைப் பார்த்தால் தமிழ்நாடே கேழ்வரகு விதைத்திருக்க வேண்டும். நெல்லுக்கு ஊருக்கு அருகில் கொள்முதல் நிலையம் இருக்கிறது, கேழ்வரகுக்கு நெடுங்காலம் வியாபாரியை விட்டால் வழியில்லை. 2023இல் எங்கள் மாவட்டத்திலும் நீலகிரியிலும் நியாயவிலைக் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கிய பிறகுதான், அரசு வாங்கும் என்ற நம்பிக்கை கொஞ்சம் வந்தது. ஒடிசாவில் 2017இல் தொடங்கிய சிறுதானியத் திட்டமும் சாகுபடிக்கு ஊக்கத்தொகை, ஊரிலேயே கொள்முதல், நியாயவிலைக் கடையில் விநியோகம் என்று மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியதால்தான் நிலைத்தது. உங்கள் ஊரிலும் உளுந்துக்கு இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். யூரியாவைக் குறைக்கும் வழிகளில் உளுந்தும் ஒன்று.


மன்னை உழவன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தகடூரான் அண்ணன் உளுந்தைத் தொட்டதால் ஒன்றைச் சொல்கிறேன். முன்பு சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பாக, நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவோம். எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அது வளர்ந்துவிடும். இப்போது ஆள் அறுப்பு இல்லை. அறுவடை இயந்திரத்தின் சங்கிலிச் சக்கரம் போன தடத்தில் முளைத்தது எல்லாம் மண்ணுக்குள் போய்விடுகிறது. அதனால் பாதிப் பேர் உளுந்தையே விட்டுவிட்டார்கள். நிலத்துக்குத் தழைச்சத்துக் கொடுத்துவந்த பயிர் போனதும், அந்த இடத்தையும் யூரியா பிடித்துக்கொண்டது. எந்த உரக் கொள்கையிலும் அறுவடை இயந்திரத்தைப் பற்றி ஒரு வரியும் நான் பார்த்ததில்லை.

மனுவை இப்படி எழுதலாமா? எங்கள் வாய்க்காலின் பாசனப் பரப்பு முழுவதையும் ஒரே தொகுப்பாக எடுத்துக்கொண்டு, நடவுக்கு முன் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது, இலை வண்ண அட்டைப்படி மட்டும் மேலுரம் இடுவது என்று அனைவரும் ஒப்புக்கொள்கிறோம். மிச்சமாகும் யூரியா மானியத்தின் பங்கைத் தொகுப்புக்கு ஏக்கர் கணக்கில் தர வேண்டும். முதல் மூன்று ஆண்டுகளில் தொகுப்பின் விளைச்சல் வட்டார சராசரியைவிடக் குறைந்தால் அந்த இழப்பை அரசு ஈடுசெய்ய வேண்டும்.


ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் எழுதியது:

நல்ல வரைவு. ஆனால் பணம் யார் பெயரில் வரும் என்று எழுதவில்லையே? உங்கள் பகுதியில் கோயில், மடத்து நிலங்களும் வெளியூரில் வசிப்பவர்களின் நிலங்களும் எத்தனை, அவற்றைக் குத்தகைக்கு உழுகிறவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவருக்கு அடுத்த ஆண்டு அந்த நிலம் கையில் இருக்குமா என்பதே தெரியாது. தக்கைப்பூண்டு மடக்கி மண்ணை வளப்படுத்தினால் பலன் அடுத்த குத்தகைதாரருக்குப் போகும் என்றால், அவர் நான்காவது மூட்டையை நம்புவதில் தவறு காண முடியாது. சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்களைக் கேட்டால் அவரால் கொடுக்கவும் முடியாது. ஊக்கத்தொகை நில உரிமையாளரின் வங்கிக் கணக்குக்குப் போய்ச் சேரும். எனவே சாகுபடி செய்கிறவர் யார் என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்துத் தரும் சான்றின் பேரில் தொகை வழங்க வேண்டும் என்பதை முதல் வரியாக வையுங்கள். இழப்பீட்டு உறுதி இரண்டாவதாக வரட்டும். நிதி ஒதுக்கீடு இல்லை என்று சொல்லி இரண்டாவதைத் தள்ளிவைப்பார்கள், முதலாவதைத் தள்ள அவர்களுக்குக் காரணம் கிடைக்காது.