விளையாட்டு ஊடகப் படிப்பு: பெங்களூரில் தொடங்குவதா, வெளிநாடு போவதா?

மர்ஃபி டவுன் மாணவி கேட்டது:

வணக்கம். இரண்டாம் பியூசி காமர்ஸ் முடிக்கப் போகிறேன். விளையாட்டுச் செய்தி, வர்ணனை, அணிகளின் ஊடகப் பிரிவு, இந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்று முடிவாக இருக்கிறேன். வீட்டில் பிகாம் சேரச் சொல்கிறார்கள். இங்கேயே இதழியல் படிப்பதா, வெளிநாட்டில் விளையாட்டு ஊடகம் என்றே இருக்கும் பட்டப்படிப்புக்குப் போவதா? ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் விளம்பரங்களில் மீடியா என்றும் போடுகிறார்கள், அதுவும் இதுவும் ஒன்றுதானா? படிக்கும்போதே எதைப் பழக வேண்டும்? கையில் ஒரு போன் மட்டும் இருக்கிறது. தமிழ் நன்றாகப் பேசுவேன், வாசிக்கத்தான் நேரமாகும்.

---

ஸ்கோர்புக் எழுதியது:

காமர்ஸ் படித்தது ஒரு தடையே இல்லைம்மா. இதழியல் இளங்கலைக்கு எந்தப் பிரிவிலிருந்தும் சேரலாம்.

ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் வேறு தொழில். ஸ்பான்சர் பிடிப்பது, டிக்கெட் விற்பது, போட்டியை நடத்துவது, லீக் நிர்வாகம், இவைதான் அதில் பாதிக்கு மேல் இருக்கும். விளம்பரத்தை விட்டுவிட்டு பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கு. செய்தி எழுதுதல், எடிட்டிங், ஒலி-ஒளிப் பதிவு, ஊடகச் சட்டம் ஆகிய நான்கிலும் தனித்தனித் தாள் இருந்தால் அது ஊடகப் படிப்பு. ஆறு செமஸ்டரில் 'மீடியா' என்று ஒரே ஒரு தாள் இருந்தால், நீ கேட்கும் வேலைக்கு அது உதவாது.

இளங்கலையிலேயே 'விளையாட்டு' என்ற பெயர் பட்டத்தில் இருந்தாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பெங்களூரில் கிறைஸ்ட், செயின்ட் ஜோசப்ஸ், மவுண்ட் கார்மெல், ஜெயின் என்று இதழியலோ ஊடகவியலோ படிக்க இடங்கள் உண்டு. பட்டம் முடித்த பிறகு ஓராண்டு முதுநிலை டிப்ளமோ வேண்டுமென்றால் இங்கே ஐஐஜேஎன்எம் என்ற இதழியல் கல்வி நிறுவனம், சென்னையில் ஆசிய இதழியல் கல்லூரி. ஆனால் முதுநிலை டிப்ளமோ முதுகலைப் பட்டம் ஆகாது. பின்னாளில் கல்லூரி ஆசிரியருக்கான நெட் தகுதித் தேர்வு எழுதிக் கல்லூரியில் பாடம் நடத்தும் எண்ணம் இருந்தால் எம்ஏ தேவைப்படும்.

மூன்றாண்டா நான்காண்டா என்பதையும் சேரும்போதே பார். கர்நாடக அரசுப் பல்கலைக்கழகங்கள் 2024-25 முதல் மூன்றாண்டுப் பட்டத்துக்குத் திரும்பிவிட்டன. தனியார், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நான்காம் ஆண்டு ஹானர்ஸ் உண்டு. பிரிட்டனில் முதுகலைக்குப் பொதுவாக மூன்றாண்டு பட்டம் போதும். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் நான்காண்டு கேட்கும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது இவற்றைக் கேள்: ஒரு கேமராவுக்கு எத்தனை மாணவர்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் லேப்? மாலை ஆறு மணிக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் கருவியை வெளியே கொடுப்பார்களா? ஆட்டங்கள் நடப்பது அப்போதுதான். திங்கள் முதல் வெள்ளி வரை பத்து மணிக்குத் திறந்து நான்கு மணிக்குப் பூட்டும் லேப் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் உனக்குப் பயன் குறைவு. 75 சதவீத வருகைப் பதிவு விஷயத்தில், செய்தி சேகரிக்கப் போகும் நாளுக்கு ஆன்-டியூட்டி (வராத நாளையும் வந்ததாகக் கணக்கிடுவது) தருவார்களா என்பதையும் கேட்டுவிடு. ஐபிஎல் மார்ச் கடைசியில் தொடங்கி மே வரை போகும், உன் இரட்டைப்படை செமஸ்டர் தேர்வுகளும் அப்போதுதான் வரும். இன்டர்ன்ஷிப் கிடைத்தும் போக முடியாமல் நிற்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டுகிறார்கள்.

வெளிநாடு: பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா மூன்றிலும் விளையாட்டு இதழியல் என்றே பட்டப்படிப்புகள் உண்டு, தரமும் நன்றாக இருக்கிறது. பிரிட்டனில் என்சிடிஜே (இதழியல் பயிற்சிக்கான அந்நாட்டு அமைப்பு) அங்கீகாரம் பெற்ற படிப்பா என்று பார். ஆனால் அங்கே சொல்லித்தரும் அவதூறுச் சட்டமும் நீதிமன்றச் செய்தி விதிகளும் அந்த நாட்டுடையவை. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பிரிட்டன் மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்றாலும் சுயதொழில் கூடாது. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பணம் வாங்கி ஃப்ரீலான்ஸாகச் செய்தி எழுதுவது சுயதொழிலில்தான் சேரும். இந்தத் துறையில் நுழைகிறவர்கள் முதலில் பிடிக்கும் வேலையே அதுதான், அந்தக் கதவு அங்கே படிக்கும் காலம் முழுக்க மூடியிருக்கும். அதனால் இளங்கலை இங்கே, முதுகலை வேண்டுமானால் அங்கே என்பது என் கருத்து.

---

ஓபி வேன் எழுதியது:

படிப்பைப் பற்றி மேலே சொன்னது சரி. போனை வைத்து என்ன செய்யலாம் என்று நான் சொல்கிறேன்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். உள்ளரங்கில் விளக்கொளியில் எடுக்கும்போது ஷட்டர் 1/50 அல்லது 1/100 விநாடியில் இருக்க வேண்டும், ஃப்ரேம் வேகம் விநாடிக்கு 25 அல்லது 50. போனை அதன் போக்கில் விட்டால் 30 அல்லது 60-க்குப் போய்விடும், படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். எடிட்டிங்கில் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. அதனால் ஷட்டரைக் கையால் பூட்டக்கூடிய கேமரா ஆப் ஒன்று போட்டுக்கொள். பகல் வெளிச்சத்தில் இந்தக் கவலை இல்லை.

ஸ்ரீ கண்டீரவா அரங்கில் கால்பந்து எடுக்கப் போனால் தடகளப் பாதை குறுக்கே வரும், ஆட்டக்காரர் எறும்பு மாதிரித்தான் தெரிவார். போன் அங்கே தோற்கும். டிஜிட்டல் ஜூம் போட்டு மல்லுக்கட்டாதே. அசோக் நகர் பக்கமிருக்கும் பெங்களூரு கால்பந்து அரங்கமும், உன் வீட்டுக்கு அருகில் கௌதமபுரத்து ஆட்டங்களும் போனுக்கு ஏற்றவை. பெலேவுக்குச் சிலை வைத்த ஏரியா அது, ஆளுக்கும் கதைக்கும் பஞ்சமே இல்லை.

படத்தைவிட ஒலியில்தான் மாணவர் வேலை கெட்டுப்போகிறது. மைதானத்துக் கூம்பு ஒலிபெருக்கிக்கு எதிரே மைக்கின் முகம் இருக்கக் கூடாது. பேட்டி கொடுப்பவர் ஒலிபெருக்கியைப் பார்த்தபடி நிற்கட்டும், அப்போது மைக்கின் முதுகு அதன் பக்கம் இருக்கும். கையில் பிடிக்கும் டைனமிக் மைக் என்றால் வாயிலிருந்து ஒரு கையகல தூரம். காலரில் குத்தும் மைக் என்றால் காற்றுக்குப் பஞ்சு உறை கட்டாயம். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் முப்பது விநாடி மைதானச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்துகொள். வெட்டி ஒட்டும் இடங்களில் அடியில் போட அது வேண்டும்.

மெமரி கார்டு கணக்கு: விநாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் 90 நிமிட ஆட்டம் சுமார் 34 ஜிபி. ஒரு ஆட்டத்துக்கு 64 ஜிபி போதும். கோல், கார்டு, சண்டை எது நடந்தாலும் அந்த நிமிடத்தை ஒரு தாளில் குறித்து வை. அந்தத் தாள் இல்லாவிட்டால் இரண்டு நிமிடத் தொகுப்புக்காக இரவு முழுக்க காட்சியை ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

---

மர்ஃபி டவுன் மாணவி எழுதியது:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. விசா விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. வர்ணனைக்கு எப்படித் தயாராவது என்று யாராவது சொல்ல முடியுமா? தமிழ் வர்ணனைக்கு நம் ஊர்த் தமிழ் போதுமா?

---

வர்ணனை மேசை எழுதியது:

நம் ஊர்த் தமிழ் பேச்சுக்குப் போதும், வேலைக்குப் போதாது தங்கச்சி. ஸ்டுடியோவில் கையில் ஒரு தாளைக் கொடுத்து இருபது விநாடியில் நேரலை என்பார்கள். எழுத்துக்கூட்டி வாசித்தால் அங்கேயே முடிந்தது. தினமும் ஒரு விளையாட்டுப் பக்கத்தைச் சத்தமாக வாசி. தட்டச்சுக்குத் தமிழ்99 பழகிக்கொள், ஒலிபெயர்ப்பு முறையைவிட விசைத் தட்டல் குறைவு. கன்னடத்தை விட்டுவிடாதே. ஆட்டம் முடிந்து வரும் வீரரிடம் அவர் மொழியில் கேட்டால் பதில் நீளும். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் தெரிந்த ஆள் இந்த ஊரில் அணிகளின் ஊடகப் பிரிவுக்கு மிகவும் தேவை. 2017-இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்ததிலிருந்து தமிழுக்கென்று தனி வர்ணனைக் குழு உண்டு. ஆனால் தேசிய ஒளிபரப்பின் பெரிய ஸ்டுடியோ வேலைகள் மும்பைப் பக்கம்தான் குவிந்திருக்கின்றன. பெங்களூரில் அதிகம் கிடைப்பது இணைய வேலை. கிரிக்பஸ், ஈஎஸ்பிஎன் கிரிக்இன்ஃபோ, ஸ்போர்ட்ஸ்கீடா எல்லாவற்றுக்கும் இங்கே அலுவலகம் உண்டு.

வர்ணனைப் பயிற்சிக்குக் கபடியைப் பரிந்துரைப்பேன். இருபது நிமிடமாக இரண்டு பாதி, ஒரு ரெய்டு (எதிரணிப் பக்கம் பாடிச் செல்வது) 30 விநாடி. மூச்சு விட இடமில்லாத ஆட்டம், அதனால் வாய் சீக்கிரம் பழகும். முதலில் ஏ3 தாள் ஒன்றை எடு. நடுவில் கோடு போட்டு இரண்டு அணி. ஒவ்வொரு பக்கத்திலும் ஏழு பேரையும் அவர்கள் நிற்கும் இடத்திலேயே எழுது: இடது கார்னர், வலது கார்னர், கவர், நடுவில் நிற்பவர். ஜெர்சி எண் பெரிதாக, பெயர் அதன் கீழே, உச்சரிப்பு ஓரத்தில். ஹரியானா, ஈரான் பெயர்களை முந்தைய ஆட்டங்களின் பேட்டியில் அவர்களே சொல்லக் கேட்டு எழுதிக்கொள், ஆங்கில எழுத்தைப் பார்த்து ஊகிக்காதே. மாற்று ஆட்டக்காரர் தனி வரிசையில்.

பிறகு ஒலியை அணைத்துவிட்டு ஒரு பாதியை மட்டும் பேசிப் பதிவு செய். 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் (WAV) ஒலிக் கோப்பாக இருக்கட்டும். மைக் அளவைச் சாதாரணப் பேச்சுக்கு வைத்தால் சூப்பர் டேக்கிளில் (மூன்று பேரோ குறைவாகவோ இருந்து ரெய்டரைப் பிடிப்பது) நீ கத்தும்போது ஒலி உடையும். முதலில் கத்திப் பார்த்து, அது ஒலி அளவு காட்டும் மீட்டரில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வை. சாதாரணப் பேச்சு மைனஸ் 18 சுற்றி வந்தால் சரி.

கேட்கும்போது மூன்றை எண்ணு. ஸ்கோரை எத்தனை முறை சொன்னாய்? வானொலி முறையில் பேசினால் ஒவ்வொரு ரெய்டு முடிவிலும் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் திரையிலேயே இருப்பதால் மாறும்போது சொன்னால் போதும். அடுத்தது, களத்தில் எத்தனை தடுப்பாட்டக்காரர் மிச்சம் என்பது. மூன்றோ அதற்குக் குறைவோ என்றால் சூப்பர் டேக்கிள் வாய்ப்பு, ரெய்டர் நடுக்கோட்டைத் தாண்டும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஒரு அணிக்குத் தொடர்ந்து இரண்டு ரெய்டு புள்ளியில்லாமல் வெற்றாகப் போனால் அடுத்தது டூ ஆர் டை (புள்ளி எடுக்காவிட்டால் ரெய்டர் வெளியே), அதுவும் அப்படித்தான். பிடி விழுந்த பிறகு விளக்கினால் கேட்பவருக்குப் பரபரப்பே போய்விடும். மூன்றாவது, 'பார்த்தீங்கன்னா'. இது எத்தனை முறை வந்தது என்று எண்ணினால் நீயே நிறுத்திவிடுவாய். படம் இல்லாமல் களத்தைக் காட்டும் கலையைக் கேட்க வேண்டுமென்றால் அகில இந்திய வானொலியின் பழைய வர்ணனைகளைத் தேடு, சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் பேசியது கிடைத்தால் விடாதே.

இணையத்தில் பந்துக்குப் பந்து எழுதும் வேலை இன்னொரு பயிற்சி. டி20 இன்னிங்ஸில் 120 பந்து, ஒன்றரை மணி நேரம், ஆக ஒரு பந்துக்கு முக்கால் நிமிடம். வரிசை மாறக் கூடாது: பந்து எங்கே விழுந்தது, எப்படித் திரும்பியது, மட்டையாளர் என்ன செய்தார், பந்து எந்தப் பக்கம் போனது. புதியவர்கள் முடிவை முதலில் எழுதிவிட்டுப் பந்தை மறந்துவிடுவார்கள். இடக்கை மட்டையாளர் வந்ததும் களத்து இடங்களைத் தலைகீழாக்க மறப்பது அதைவிட அதிகம் நடக்கிறது. இடக்கை-வலக்கை ஜோடி ஒற்றை ஓட்டம் எடுக்கும்போதெல்லாம் பாயின்டும் ஸ்கொயர் லெக்கும் இடம் மாறும்.

---

கடைசி விசில் எழுதியது:

மேலே வராத இரண்டு விஷயம் மட்டும்.

ஆட்டச் செய்தியை இறுதி விசிலோடு அனுப்பப் பழகு. முதல் பாதி முடியும்போதே நடுப்பகுதியை எழுது. 60-ஆவது நிமிடத்தில் 200 சொல் கையில் இருக்க வேண்டும். 80-ஆவது நிமிடத்தில் இரண்டு முதல் பத்தி: ஒன்று இப்போதைய ஸ்கோர் நிலைத்தால், மற்றது மாறினால். கூடுதல் நேரக் கோல் வந்தால் பத்தியை மாற்றினால் போதும், செய்தியை மாற்ற வேண்டாம். உள்ளூர் லீக்கில் ஜெர்சி எண் பட்டியலோடு ஒத்துப்போகாது, எண்ணைப் பார்த்துக் கோல் அடித்தவர் பெயரை எழுதாதே. ஆட்டத்துக்கு முன் மேட்ச் கமிஷனரிடம் அணிப் பட்டியலைப் படமெடுத்துக்கொள், முடிந்ததும் நடுவர் தாளோடு ஒப்பிடு. தவறான பெயர் அச்சில் போனால் அடுத்த வாரம் அந்த அணி உன்னிடம் பேசாது.

இரண்டாவது, உரிமை. தொலைக்காட்சியில் வரும் ஆட்டக் காட்சியை எடுத்துப் போடாதே. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 37 ஒளிபரப்பாளருக்கு 25 ஆண்டு உரிமை தருகிறது. நடப்புச் செய்திக்கான நியாயமான பயன்பாட்டுக்குப் பிரிவு 39 இடம் தந்தாலும், யூடியூபின் தானியங்கிச் சோதனை அதையெல்லாம் பார்க்காமல் காணொளியை முடக்கும். சின்னசாமி கிரிக்கெட் அரங்கம் மாதிரி இடங்களில் இருக்கையிலிருந்து போனில் எடுத்ததைப் போடுவதையும் டிக்கெட் நிபந்தனை தடுக்கும். உன் வேலையைக் காட்ட நீயே எடுத்த உள்ளூர் ஆட்டங்கள்தான் சரி.

அதற்கு அமைப்பாளரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கு. தேதி, மைதானம், எந்தத் தளத்தில் வெளியிடுவாய், எவ்வளவு காலம் இருக்கும், பெயர் எப்படிப் போடுவாய், ஐந்தும் அதில் இருக்கட்டும். கல்லூரி லெட்டர்ஹெட்டில் துறைத் தலைவர் கையெழுத்தோடு கேட்டால் மாவட்டச் சங்கங்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரைத் தனியாகப் பேட்டி எடுப்பதாக இருந்தால் பெற்றோர் கையெழுத்து தனித்தாளில். பயிற்சியாளர் 'பரவாயில்லை, எடுங்க' என்பது அனுமதி ஆகாது.