ஐடிஐஎல் ஃபவுண்டேஷனுக்காகச் சங்கிலியை அடகு வைக்கலாமா?

கனகராயன்_25:
கிளிநொச்சியில் என்விகியூ 5 முடித்துவிட்டு ஒரு கொமியூனிகேஷன் கடையில் நிற்கிறேன். கொழும்பில் சேவிஸ் டெஸ்க் (கணினிக் கோளாறு என்று கூப்பிடுபவர்களுக்கு உதவும் பிரிவு) வேலை விளம்பரங்களைப் பார்த்தால் பாதியில் ‘ஐடிஐஎல் ஃபவுண்டேஷன் இருந்தால் நல்லது’ என்று போட்டிருக்கிறார்கள். கணினிச் சேவைகளை நடத்தும் முறை பற்றிய ஆரம்பச் சான்றிதழாம். அம்மா தன் சங்கிலியை அடகு வைத்துக் காசு தருகிறேன் என்கிறா. எடுக்கலாமா?

பரந்தன்சந்தி:
சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும் தம்பி. 1980களின் கடைசியில் பிரித்தானிய அரசின் சிசிடிஏ என்ற அமைப்பு, அங்குள்ள திணைக்களங்களின் கணினி வேலைகள் ஒழுங்காக நடக்கட்டும் என்று எழுத ஆரம்பித்த புத்தகங்கள்தான் ஐடிஐஎல். பெரிய திணைக்களம், பெரிய ஆளணி. இங்கே பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் நான்தான், சேர்வர் விழுந்தாலும் நான்தான். 2019 இல் வந்த ஐடிஐஎல் 4 இல் 34 நடைமுறைகள். யாரை வைத்துச் செய்வது? பரீட்சை 40 பல்தேர்வு வினாக்கள், 26 சரியென்றால் சித்தி. பாடமாக்கினால் முடிந்தது.

ஏ9_பயணி:
34 ஐயும் செய் என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது அண்ணை? ‘இருக்கும் இடத்தில் இருந்து தொடங்கு’, ‘எளிமையாக வைத்துக்கொள்’ இரண்டும் அதன் 7 வழிகாட்டும் கொள்கைகளில் உள்ளவை. நான் கொழும்பில் சேவிஸ் டெஸ்க்கில் இரவு ஷிப்ட். இன்சிடன்ட் (சேவை தடைப்படுவது) வேறு, புரொப்ளம் (அதன் காரணம்) வேறு என்று தெரியாமல் வந்தால் முதல் வாரமே திணறுவார்கள். வன்னியில் இருந்து விண்ணப்பிக்கிற பிள்ளைக்குத் தெரிந்த ஆள் என்று ஒருவரும் இல்லை. நேர்முகத்துக்குக் கூப்பிட அந்தக் கடதாசியாவது வேண்டாமா?

பரந்தன்சந்தி:
சரி, கூப்பிடுவார்கள். அது காயிதத்தின் பெறுமதி, படிப்பின் பெறுமதி இல்லை. 2023 இலிருந்து எடுக்கும் சான்றிதழ் மூன்று வருடத்தில் காலாவதியாகும், தெரியுமோ? கட்டணமும் வெளிநாட்டுக் காசில். சங்கிலி மீட்க முதல் சான்றிதழ் முடிந்துவிடும்.

நெடுங்கேணி_அக்கா:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ. என் கதை ஒன்று.

நான் முன்பு இருந்த ஒரு கந்தோரில் நெட்வேர்க் அடிக்கடி விழும். ரவுட்டரை அணைத்துப் போடுவோம், வரும். ஒரு வருடம் இப்படியே. அப்புறம் ஒரு நாற்பது பக்கச் சீ.ஆர். கொப்பி வாங்கி, விழுந்த நேரத்தை மட்டும் எழுதினேன். மூன்று கிழமையில் பார்த்தால், மேலே இருக்கும் தண்ணீர்த் தாங்கி முடிந்து காவலாளி ஐயா மோட்டரைப் போடும் நேரமெல்லாம் கொப்பியில் இருக்கிறது. மோட்டர் ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் இறங்கும். யூபிஎஸ் பட்டரி எப்போதோ செத்துவிட்டது. நெட்வேர்க் சுவிட்ச் அணைந்து எழும்பும்.

நெட்வேர்க் விழுவது இன்சிடன்ட். செத்த பட்டரியும் வோல்டேஜும் புரொப்ளம். ‘ஐயா, நாலரைக்குப் பிறகு மோட்டரைப் போடுங்கோ’ என்றது வேர்க்கரவுண்ட், அதாவது தற்காலிகச் சமாளிப்பு. காரணம் தெரிந்தும் இன்னும் திருத்தப்படாமல் கிடந்தது நோன் எரர். இந்தப் பெயர்களெல்லாம் பிறகு ஐடிஐஎல் படித்தபோதுதான் தெரிய வந்தன.

பரந்தன்சந்தி:
அப்போ நான் சொன்னது சரி. சான்றிதழ் இல்லாமல்தானே பிடித்தீர்கள்?

நெடுங்கேணி_அக்கா:
ஒரு வருடம் ரவுட்டரை அணைத்துப் போட்ட பிறகு பிடித்தேன். முதலே படித்திருந்தால் முதல் மாதமே கொப்பி வாங்கியிருப்பேன்.

பரந்தன்சந்தி:
படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே, காசு கட்ட வேண்டாம் என்கிறேன். ஃபிட்எஸ்எம் என்று ஐரோப்பிய ஒன்றியத் திட்டம் ஒன்றில் உருவான சிறிய தரநிலை இருக்கிறது, ஆவணங்கள் இலவசம். இதே விசயம்தான். ஆனால் எதையும் மாற்ற முதல் அனுமதி வாங்கு என்கிற அந்த மாற்றக் கட்டுப்பாடு மட்டும் எனக்கு ஒத்துவராது. ஒரு கேபிள் மாற்றக் கூட்டமா?

ஏ9_பயணி:
நீங்கள் பரந்தன்காரர், இதைக் கேட்கலாமா? சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கமக்காரர் கூட்டத்தில் தீர்மானிக்காமல் இரணைமடுத் தண்ணீரை வாய்க்காலில் விடுவார்களா? அது சாதாரண மாற்றம். மாரியில் குளம் முட்டினால் வான்கதவு திறக்க அந்தக் கூட்டத்துக்குக் காத்திருப்பார்களா? அது அவசர மாற்றம். வாய்க்கால் துப்புரவாக்க ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்பதில்லை. உங்கள் கேபிள் அந்த வகை.

பரந்தன்சந்தி:
ம்ம். இது நல்லாயிருக்கு. ஆனால் பிரின்டருக்குக் கூட்டம் வைக்க மாட்டேன்.

கனகராயன்_25:
ஒரு இடத்தில் ‘எங்கள் நிறுவனம் ஐடிஐஎல் சான்றிதழ் பெற்றது’ என்று போட்டிருந்தார்கள். அப்படியும் இருக்கிறதா? பரீட்சை தமிழில் உண்டா?

ஏ9_பயணி:
ஐடிஐஎல் சான்றிதழ் ஆளுக்கு. நிறுவனம் எடுப்பதென்றால் அது ஐஎஸ்ஓ 20000 என்ற ஐடி சேவைத் தரநிலை. தமிழில் பரீட்சை இல்லை தம்பி, ஆங்கிலத்தில்தான் நீர் எழுத வேண்டும். நேரம் 60 நிமிடம். தாய்மொழி அல்லாத மொழியில் எழுதுபவருக்கு 75 நிமிடம் தருவார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளும், பலர் கேட்பதில்லை. வீட்டிலிருந்தே கமெரா முன் எழுதலாம், ஆனால் லைன் போகாத வீடாகப் பாரும்.

நெடுங்கேணி_அக்கா:
தம்பி, சங்கிலியை இப்போது தொட வேண்டாம். இரண்டு மாதம் கடைக்கு வரும் முறைப்பாடுகளை ஒரு கொப்பியில் எழுதும். இலவசமாகக் கிடைப்பதைப் படியும். நேர்முகத்துக்குக் கொப்பியையும் கொண்டுபோம். அங்கே சான்றிதழ் கேட்டால் பிறகு பரீட்சைக்குப் பணம் கட்டலாம், சிலர் வேலைக்கு எடுத்துவிட்டுத் தாங்களே கட்டுவார்கள்.

பரந்தன்சந்தி:
அக்கா, அந்த யூபிஎஸ் பட்டரி மாற்ற எவ்வளவு நாள் எடுத்தது?

நெடுங்கேணி_அக்கா:
ஏழு மாதம். மூன்று விலைமனு கேட்டார்கள், ஊரில் இரண்டு கடைதான் இருந்தது.